குறுக்கே நிற்கும் நாயும் ஓங்கிய லத்தியும்: பெங்களூரு வாசகர்களின் சட்டக் கேள்விகள்

பெங்களூருவில் வழக்கறிஞராக இருக்கும் எனக்கு வாடகை, ஜாமீன், பாகப்பிரிவினை பற்றித்தான் வழக்கமாகக் கேள்விகள் வரும். இம்முறை வந்தவற்றுள் கணிசமானவை, அவசர அழைப்புக்கு வந்த காவலருக்கும் வீட்டைக் காத்து நின்ற நாய்க்கும் இடையே நடந்ததைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அல்சூர் வாசகி: எழுபத்தாறு வயதான என் அப்பா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். பத்து வருடமாக அவரோடு இருக்கும் நாய், ஆம்புலன்ஸ் ஊழியர்களை அவர் அருகில் விடவில்லை. உடன் வந்த காவலர் லத்தியால் அடித்ததில் அதன் முன்னங்கால் முறிந்துவிட்டது. அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் காவலர் செய்தது சரியா?

ஒரு விலங்கைக் கொல்வதும் ஊனமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று விலங்கின் விலையைப் பார்த்துத் தண்டனையைப் பிரித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம் அந்த விலைக் கணக்கைக் கைவிட்டது. ஆகவே உங்கள் நாய் தெருவில் எடுத்து வளர்த்ததா, காசு கொடுத்து வாங்கியதா என்பது இப்போது பொருட்டல்ல.

ஆனால் அதே சட்டத்தின் 19ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெரிய தீங்கு ஒன்றைத் தடுக்க, கெட்ட எண்ணம் இல்லாமல், நல்லெண்ணத்தோடு சிறிய தீங்கைச் செய்தவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பது அதன் சாரம். ஊரே பற்றி எரியும்போது தீ மேலும் பரவாமலிருக்க வீடுகளை இடித்துத் தள்ளுபவரை அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. மூச்சுத் திணறும் மனிதருக்கும் மருத்துவ உதவிக்கும் நடுவே நிற்கும் நாயை விலக்குவது இந்தப் பாதுகாப்புக்குள் வரக்கூடியதே. எனினும் வந்த ஆபத்து எவ்வளவு பெரியது, எவ்வளவு நெருங்கியது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நடந்ததை வைத்தே நீதிமன்றம் தீர்மானிக்கும்.

அதனால் உங்களிடம் சில விவரங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நாய்க்குப் பழகியவர் யாரேனும் வீட்டில் இருந்தீர்களா? "பொறுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லியும் காவலர் அடித்தாரா, அல்லது எல்லாரும் திகைத்து நின்றபோது அடித்தாரா? நாற்காலியைக் குறுக்கே பிடித்து ஒதுக்கவோ, போர்வையைப் போட்டு மூடவோ யாரும் முயன்றார்களா? நாய் பாய்ந்ததா, நின்ற இடத்திலேயே உறுமியதா? முதல் அடியில் அது விலகிவிட்டதா, விலகிய பிறகும் அடி விழுந்ததா? என் அனுபவத்தில் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தக் கடைசிக் கேள்வியில்தான். விலக்குவதற்காக விழுந்த அடிக்கு நீதிமன்றம் பெரும்பாலும் இடம் கொடுக்கும். விலகி ஓடிய பிறகு விழுந்த அடிக்கு அவசரத்தைக் காரணம் காட்ட முடியாது. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், ஒரே அடிதான் என்றால், இதில் வழக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு இது உவப்பாக இராது என்று தெரியும்.

கம்மனஹள்ளி வாசகர்: அமெரிக்காவில் வீட்டுக்குள் நுழையும் போலீசார் நாயைச் சுட்டுவிடுகிறார்கள் என்று படிக்கிறோம். இங்கும் அப்படிச் சுடலாமா?

நம் ஊரில் ரோந்து வரும் காவலரின் கையில் பெரும்பாலும் இருப்பது லத்திதான். ஆகவே துப்பாக்கியை முன்வைத்த அமெரிக்க விவாதத்தை அப்படியே இங்கே பொருத்த இயலாது. காவலர் தம் உயிரையோ பிறர் உயிரையோ காக்க வேறு வழியில்லாமல் சுட்டார் என்றால், முன் பதிலில் சொன்ன அவசியம் என்ற அளவுகோலே இங்கும் பொருந்தும். மற்றபடி, குற்றுயிராகக் கிடக்கும் விலங்கைக்கூட, உரிமையாளர் இல்லாதபோதோ சம்மதிக்காதபோதோ, காவல் அதிகாரி தாமாகக் கொன்றுவிட முடியாது. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அப்பகுதியின் கால்நடை மருத்துவரை வரவழைத்து அவருடைய சான்றும், பின்னர் குற்றவியல் நடுவரின் உத்தரவும் பெறச் சொல்கிறது.

அமெரிக்கத் தீர்ப்புகளில் நாம் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. 1998இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே பகுதியில், ஒரு மோட்டார் சைக்கிள் குழுவினரின் வீடுகளைச் சோதனையிட்ட போலீசார் அங்கிருந்த நாய்களைச் சுட்டுக் கொன்றனர். அந்த வீடுகளில் காவல் நாய்கள் இருப்பது ஒரு வாரத்துக்கு முன்பே தெரிந்திருந்தும், சுடுவதைத் தவிர வேறு எந்த ஏற்பாட்டையும் யோசிக்காமல் போனது நியாயமற்றது என்று 2005இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மாறாக, மிச்சிகனின் பேட்டில் கிரீக் நகரில் சோதனையின்போது இரண்டு நாய்கள் சுடப்பட்ட வழக்கில், 2016இல் ஆறாவது வட்டார நீதிமன்றம் போலீசார் பக்கமே தீர்ப்பளித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், யோசிக்க எவ்வளவு அவகாசம் இருந்தது என்பதே என் கண்ணில் முதலில் படுகிறது. கொலராடோ மாநிலம் 2013இல் நாய்களை எதிர்கொள்ளும் விதம் பற்றிய பயிற்சியைக் காவலர்களுக்குச் சட்டப்படி கட்டாயமாக்கியது. நேற்றே திட்டமிட்டு வாரண்டோடு வரும் குழுவையும், 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு வந்த சில நிமிடங்களில் ஓடிவரும் ஹொய்சளா ரோந்து வாகனத்தையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது என்பதே என் கருத்து. ஆடுகோடியில் மோப்ப நாய்களைப் பழக்கும் காவலர்களையே வைத்திருக்கும் நகரம், அவர்களில் ஒருவரைத் திட்டமிட்ட சோதனைக்கு உடன் அழைத்துச் செல்வது அப்படியொன்றும் கடினமான காரியமாகத் தெரியவில்லை.

ஸ்ரீராம்புரம் வாசகர்: மாடியில் குடியிருப்பவரைத் தேடி இரவில் போலீஸ் வந்தது. கதவைத் திறந்ததும் எங்கள் நாய் பாய்ந்து ஒரு காவலரின் கால்சட்டையைக் கிழித்துவிட்டது. நான்தான் ஏவிவிட்டேன் என்று வழக்குப் போடுவதாகச் சொல்கிறார்கள்.

நாயை ஏவிவிடுவதைப் பற்றி நம் குற்றச் சட்டம் 1860 முதலே பேசிவருகிறது. ஒருவர்மேல் பாயும்படி நாயைத் தூண்டுவது குற்றமுறு வன்முறைக்கும், கடிக்கும் நாயின் வாய்க்கட்டை அவிழ்க்கத் தொடங்குவது தாக்க முனைவதற்கும் உதாரணங்களாகத் தரப்பட்டிருந்தன. புதிய சன்ஹிதாவின் 129, 130ஆம் பிரிவுகளில் அவை தொடர்கின்றன. கடமையில் இருக்கும் அரசு ஊழியரைத் தடுக்க இப்படிச் செய்தால் 132ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுகள் வரை சிறை கிடைக்கும். ஆனால் இவை அனைத்துக்கும் உங்கள் எண்ணம் நிரூபிக்கப்பட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்த கணத்தில் நாய் தானாகப் பாய்ந்ததை ஏவிவிட்டதாகக் காட்டுவது எளிதல்ல.

நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது 291ஆம் பிரிவு. வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்பதால், அலட்சியம் என்று சொல்வது காவல்துறைக்கு எளிது.

தேடப்படுபவர் உள்ளே இருப்பதாகக் கருதிக் காவலர் வரும்போது, வழிவிட்டு நியாயமான வசதிகளைச் செய்து தருவது வீட்டாரின் கடமை என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு. நாயைக் கட்டுவதும் அந்த வசதிகளில் ஒன்று என்பதே என் வாசிப்பு. ஆகவே உள்ளிருந்தபடியே "நாய் இருக்கிறது, கட்டிவிட்டுத் திறக்கிறேன்" என்று உரக்கச் சொல்வதை மறுப்பாக யாரும் கொள்ள இயலாது. சோதனையைக் கைப்பேசியிலோ வேறு கருவியிலோ ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. அன்று வீட்டில் சோதனை நடந்திருந்தால், அந்தப் பதிவைக் கேட்டு இப்போதே எழுத்துமூலம் மனுக் கொடுத்து வையுங்கள்.

லிங்கராஜபுரம் வாசகி: தீயணைப்பின்போது உதவ வந்த காவலரை எங்கள் நாய் கடித்துவிட்டது. "அதை ஒப்படையுங்கள், கொன்றுவிட வேண்டும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்.

கொல்லக் கூடாது, அது சட்டத்துக்காக மட்டுமல்ல, கடிபட்டவரின் நலனுக்காகவும்தான். கடித்த நாயைப் பத்து நாட்கள் கண்காணித்து, அது நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது என்று மருத்துவர்கள் முடிவுக்கு வருகிறார்கள். கொன்றுவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். மிஞ்சுவது மூளைத் திசுவைச் சோதிக்கும் வழி மட்டுமே. தலையில் அடித்தோ சுட்டோ கொன்றால் அதுவும் கெட்டுப்போகக்கூடும். அந்தச் சோதனையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையமாக இயங்கும் ஆய்வகம் நம் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கண்காணிப்பு ஒருபுறம் இருக்க, காவலர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசியைத் தொடங்கியிருக்க வேண்டும். அதற்குப் பத்து நாள் காத்திருக்கக் கூடாது. உங்கள் நாயின் தடுப்பூசி அட்டையின் நகலை அவரிடமும் காவல் நிலையத்திலும் கொடுங்கள். அலட்சியம் என்ற குற்றச்சாட்டுக்கும் அது ஓரளவு பதிலாகும்.

பானஸ்வாடி வாசகர்: எங்களிடம் இருப்பது ராட்வைலர். தடை செய்யப்பட்ட இனம் என்பதால் போலீஸ் என்ன செய்தாலும் கேட்க முடியாதாமே?

தவறு. 2024 மார்ச் 12 அன்று இருபத்துக்கும் மேற்பட்ட இனங்களைத் தடுக்கச் சொல்லி ஒன்றிய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்துவிட்டது. தடை நிலைத்திருந்தாலும்கூட அது அடிப்பதற்கான உரிமமாக ஆகியிருக்காது.

விவேக் நகர் வாசகர்: தவறான முகவரிக்கு வந்த காவலர்கள், சங்கிலியில் கட்டியிருந்த எங்கள் நாயை அடித்துக் கொன்றுவிட்டார்கள். யாரிடம் போவது?

கட்டியிருந்த நாய் எனும்போது அவசியம் என்ற வாதம் மிகவும் பலவீனமாகிவிடுகிறது. முதலில் நாயைப் புதைத்துவிடாதீர்கள். ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அரசு கால்நடை மருத்துவமனையிலோ பிரேதப் பரிசோதனை செய்து அறிக்கை பெறுங்கள். சங்கிலியின் நீளத்தையும் அது கட்டப்பட்டிருந்த இடத்தையும் அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். சங்கிலி எட்டும் தூரத்துக்கு வெளியே நின்றவருக்கு நாயால் என்ன ஆபத்து என்று நாளைக்குக் குறுக்கு விசாரணையில் கேட்பதற்கு அந்த ஒரு படம் போதும்.

காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி உயர் அதிகாரிக்கு எழுதலாம். பிறகு குற்றவியல் நடுவரிடம் செல்லலாம். கர்நாடக மாநிலக் காவல் புகார் ஆணையத்துக்கும் மனு அனுப்புங்கள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய தடை ஒன்று உண்டு. பணியின் பெயரால் செய்த செயலுக்கு அரசின் முன்அனுமதி இல்லாமல் காவலர்மீது வழக்குத் தொடர முடியாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 218ஆம் பிரிவும் கர்நாடகக் காவல் சட்டத்தின் 170ஆம் பிரிவும் கூறுகின்றன. அதிகாரத்தை மீறிய செயலாக இருந்தாலும் கடமையோடு நியாயமான தொடர்பு இருந்தால் அனுமதி தேவை என்று, நம் மாநிலத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஓர் ஆறுதல், 218இன்படி கேட்ட அனுமதிக்கு நூற்றிருபது நாட்களுக்குள் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

வதைத் தடுப்புச் சட்டத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முதல் குற்றத்துக்கு அது விதிக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளாக அது மாறவில்லை. நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

பிரேசர் டவுன் வாசகர்: நானும் மனைவியும் மட்டும்தான் வீட்டில். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. எங்களுக்கு ஏதாவது ஆனால் எங்கள் ராஜபாளையம் யாரையும் உள்ளே விடாது. என்ன ஏற்பாடு செய்வது?

இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். 112ஐ அழைக்கும்போது முகவரிக்கு அடுத்தபடியாக நாயைப் பற்றிச் சொல்லுங்கள். "மனெயல்லி நாயி இதெ" என்று கன்னடத்தில் சொன்னால் இன்னும் நல்லது. முடிந்தால் அழைப்பதற்கு முன்பே நாயை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். மூடிய கதவு ஒன்று இருந்தால் லத்திக்கு வேலையே இல்லை. வாசலில் மாட்டும் எச்சரிக்கைப் பலகையில், நாய்க்குப் பழகிய அண்டை வீட்டாரின் கைப்பேசி எண்ணையும் எழுதி வையுங்கள். அந்த அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி இருக்கட்டும்; வாரம் ஒருமுறையாவது அவர் கையால் நாய்க்குச் சோறு வைக்கட்டும். கழுத்துப்பட்டையும் கயிறும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கட்டும்.

உங்கள் நாய் தமிழில் பழகியது. பதற்றத்தில் காவலர் "கூத்கோ" என்று கத்தினால் அதற்கு உட்காரத் தெரியாது; கன்னடத்திலும் இரண்டு சொற்களைப் பழக்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் அதன் காதைச் சோதித்துவிடுங்கள். வெள்ளை நிற ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. செவிட்டு நாய்க்குப் பின்னாலிருந்து வருபவர் திடீரென்று தோன்றியவர் ஆகிவிடுவார். எந்த மொழியில் அதட்டினாலும் அது திரும்பாது. உங்கள் நாய்க்குக் காது கேட்காது என்றால், பலகையில் அண்டை வீட்டு எண்ணுக்கு மேலே அதைப் பெரிய எழுத்தில் கன்னடத்தில் எழுதுங்கள்.