பிராம்ப்டன் வீட்டுக் கடனுக்கு வேலூர் சத்துவாச்சாரி மனையை விற்க வேண்டுமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். குடியாத்தத்திலிருந்து கனடாவின் பிராம்ப்டன் வந்து மூன்று வருடம். போன வருடம் டவுன்ஹவுஸ் வாங்கினீர்கள். 5 லட்சம் டாலர் கடன், 4.5 சதவீத வட்டி, ஐந்து வருடத்துக்கு வட்டி மாறாத ஃபிக்ஸட், 25 வருடத்தில் முடிகிற கணக்கு. மூத்தவளுக்கு மூன்று வயது, சின்னவனுக்கு எட்டு மாதம். மனைவி இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. "சத்துவாச்சாரி மனைய வித்து அனுப்பறேன், கடன மொதல்ல கட்டு" என்று அப்பா போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பத்து வருடத்தில் கடனை முடிக்க முடியுமா, மனையை விற்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் வேலூர்தான், தோட்டப்பாளையம். பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோதே இங்கே வீட்டுக் கடன் கட்டத் தொடங்கி, தவணைக்கு முன்பே முடித்தவன். கடனைச் சீக்கிரம் அடைப்பது நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அதற்கான காலம் இந்த இரண்டு மூன்று வருடம் இல்லை. மனையை இப்போது தொடவும் வேண்டாம்.

பத்து வருடக் கணக்கைப் பார்த்துவிடலாம். கனடாவில் ஃபிக்ஸட் கடனுக்கு வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டுகிறார்கள். அந்தக் கணக்கில் உங்கள் மாதத் தவணை சுமார் 2,767 டாலர் வரும். பத்து வருடத்தில் முடிக்க மாதம் சுமார் 5,170 டாலர் கட்ட வேண்டும். பதினைந்து வருடம் என்றால் 3,814. ஒரு சம்பளம், இரண்டு சின்னப் பிள்ளைகள், பிராம்ப்டனின் கார் இன்ஷூரன்ஸ், சொத்து வரி, குளிர்காலத்துக் கேஸ் பில் எல்லாவற்றுக்கும் மேல் மாதம் 2,400 டாலர் கூடுதலாக எடுக்க முடியாது. எடுத்தால் அது பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்தும் உங்கள் மனைவியின் உடம்பிலிருந்தும்தான் வரும். பதினைந்து வருடம், இரண்டாவது சம்பளம் வந்த பிறகு, நடக்கக்கூடியது.

அப்பா சொல்வதைப் பழங்காலப் பேச்சு என்று தள்ளாதீர்கள். நம் பக்கம் அவர் தலைமுறை வெளியில் வாங்கிய கடன் எல்லாம் நூற்றுக்கு இரண்டு, நூற்றுக்கு மூன்று. மாதம் நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அந்த வட்டியில் கடன் வைத்திருந்தால் நகையை விற்றாவது அடைப்பதுதான் புத்தி. அவருடைய பயம் அங்கிருந்து வருவது. உங்கள் கடன் 4.5 சதவீதம். அதற்கும் மதிப்பு உண்டு: சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கனடாவில் வரிச் சலுகை கிடையாது, அதனால் முன்கூட்டிக் கட்டும் ஒவ்வொரு டாலரும் வரி போக 4.5 சதவீதம் சம்பாதித்ததற்குச் சமம். நல்ல லாபம்தான். ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் அவசரம் இதில் இல்லை.

அடுத்து, நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இங்கே செல்லாது. இந்தியாவில் தனிநபர்களின் ஃப்ளோட்டிங் (மாறும்) வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கையில் பணம் வந்தால் கொண்டுபோய்க் கட்டிவிடுவோம். கனடாவில் க்ளோஸ்ட் மார்ட்கேஜ் என்றால் வருடத்துக்கு இவ்வளவுதான் கூடுதலாகக் கட்டலாம் என்று வரம்பு உண்டு. பெரும்பாலும் முதலில் வாங்கிய தொகையில் 10 முதல் 20 சதவீதம். உங்களுக்கு 15 என்று வைத்துக்கொண்டால் வருடம் 75,000 டாலர். அதைத் தாண்டினாலோ, வீட்டை விற்று நடுவில் கடனை முறித்தாலோ பெனால்டி. வட்டி மாறிக்கொண்டிருக்கும் வேரியபிள் கடனுக்கு வழக்கமாக மூன்று மாத வட்டி. ஃபிக்ஸட் கடனுக்கு மூன்று மாத வட்டி, அல்லது உங்கள் வட்டிக்கும் இன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மீதிக் காலத்துக்குக் கணக்கிட்ட தொகை, இரண்டில் எது அதிகமோ அது. இந்த இரண்டாவது சில நேரம் பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும்.

ஆனால் ஐந்து வருட டெர்ம், அதாவது ஒப்பந்தக் காலம், முடிகிற அன்று எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், பெனால்டி இல்லை. உங்கள் திட்டத்தை அந்தத் தேதியை வைத்துத்தான் போட வேண்டும். கூடுதல் பணத்தை அதுவரை டி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் சேர்த்து வையுங்கள். இந்த வருட வரம்பு ஆளுக்கு 7,000 டாலர், அதில் வரும் வட்டிக்கு வரி கிடையாது. வேலை போனால் அந்தப் பணம் கையில் இருக்கும். வங்கியில் அசலுக்குக் கட்டிவிட்டதைப் பொதுவாகத் திரும்பக் கேட்க முடியாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரியது. ஆறு மாத அத்தியாவசியச் செலவு சேரும்வரை முன்கூட்டிக் கட்டும் பேச்சே வேண்டாம் என்பேன். இன்னொரு காரணமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்த மத்திய வங்கியின் (பேங்க் ஆஃப் கனடா) வட்டி 2023 ஜூலையில் 5 ஆனது. இரண்டு சதவீதத்துக்கும் கீழே கடன் வாங்கிய பல குடும்பங்களுக்கு, டெர்ம் முடிந்து கடனைப் புதுப்பிக்கும் ரினியூவலில் தவணை ஒரே தாவாகத் தாவியது. அப்போது கையில் மொத்தமாக ஒரு தொகை வைத்திருந்தவர்கள் அசலைக் குறைத்துத் தவணையைத் தாங்கிக்கொண்டார்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தவணையை ஆக்சிலரேட்டட் பைவீக்லி முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். மாதத் தவணையில் பாதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். வருடத்தில் 26 முறை, அதாவது 13 மாதத் தவணை. உங்கள் கடனுக்கு இது ஒன்றே 25 வருடத்தை ஏறக்குறைய 21 வருடம் 8 மாதமாகக் குறைக்கும். வட்டி இதே அளவில் நீடித்தால் மிச்சம் சுமார் 50,000 டாலர். சம்பளமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவதால் கையை அவ்வளவாகக் கடிக்காது. வெறும் பைவீக்லி என்று இன்னொன்று உண்டு, அதில் இந்த லாபம் கிடையாது. பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கு மேல் பணம் மிஞ்சினால் முதலில் பிள்ளைகளின் மேற்படிப்புச் சேமிப்புக் கணக்கான ஆர்.இ.எஸ்.பி. ஒரு பிள்ளைக்கு வருடம் 2,500 டாலர் போட்டால் அரசு 500 டாலர் சேர்க்கிறது. 20 சதவீதம் கையோடு வரும்போது 4.5 சதவீதத்தை மிச்சம் பிடிக்க ஓடுவதில் அர்த்தம் இல்லை. 2,500 முடியாவிட்டால் முடிந்ததைப் போடுங்கள், அதற்கும் அதே விகிதத்தில் வரும். அப்புறம் பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட். அது வரியில்லாத பணம், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. மனைவிக்கு வருமானமே இல்லாவிட்டாலும் இருவரும் வருடா வருடம் வரிக் கணக்கு போட்டாக வேண்டும், இல்லையென்றால் நின்றுவிடும். நீங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட்டால் கணக்கில் குடும்ப வருமானம் குறையும், அடுத்த ஜூலையிலிருந்து இந்தத் தொகை கூடும். வரி ரீஃபண்டும் வரும். அந்த ரீஃபண்டை அசலுக்குக் கட்டலாம்.

டேகேர் விஷயத்தில் மட்டும் நேரம் கடத்தாதீர்கள். ஒன்டாரியோவில் அரசுத் திட்டத்தில் சேர்ந்த மையங்களில் ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அடிப்படைக் கட்டணம் 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டாலருக்கு மேல் போகக் கூடாது. திட்டத்தில் சேராத இடத்தில் அதைவிட எவ்வளவோ கூடும். காத்திருப்போர் பட்டியல் நீளம், அதனால் சின்னவன் பெயரை இப்போதே பல இடங்களில் கொடுத்து வையுங்கள். மூத்தவளுக்கு நான்கு வயது முடிகிற வருடம் செப்டம்பரில் ஜூனியர் கிண்டர்கார்டன், அரசுப் பள்ளியில் முழுநாள், இலவசம். நான் செய்ததும் இதைத்தான்: பிள்ளை பள்ளிக்குப் போன மாதமே டேகேருக்குக் கொடுத்துவந்த தொகையை அப்படியே தவணையோடு சேர்த்துவிட்டேன். ஏற்கெனவே இல்லாமல் பழகிய பணம் அது, வீட்டில் யாருக்கும் குறை தெரியவில்லை. மனைவியைக் கடனுக்காக அவசரப்பட்டு வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். கடன் இன்னும் இருபது வருடம் அங்கேயே இருக்கும். சின்னவனுக்கு இந்த வயது இருக்காது.

ஊர்ப் பயணத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள். சின்னவனுக்கு இரண்டு வயது முடிவதற்குள் போனால் மடியில் வைத்துக்கொண்டு, பெரியவர் கட்டணத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கோடு முடியும். தாத்தா பாட்டி பார்க்கட்டும். கடன் முடியட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி மனை. அது அப்பா பெயரில் இருக்கிறது, உங்களுக்கு ஒரு தங்கையும் இருக்கிறாள். நாளைக்கு அப்பா அம்மாவில் ஒருவர் சி.எம்.சி. மருத்துவமனையில் படுத்தால் அந்த மனைதான் அவர்களுக்குத் தைரியம். அதை விற்று உங்கள் வங்கிக்குக் கொடுத்துவிட்டால், அந்த நாளில் பணம் அனுப்ப வேண்டியவர் நீங்கள்தான். தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றால், சட்டம் என்ன சொன்னாலும், மனக்கசப்பு மிஞ்சும். நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. விற்ற லாபத்துக்கு அப்பா வரி கட்ட வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிக்கும், அவர் ரிட்டர்ன் போட்டுத்தான் அதைச் சரிக்கட்ட முடியும். பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று வாங்குபவர் பேசினால், ரொக்கமாக வரும் பங்கை வங்கி வழியாக அனுப்பவே முடியாது. இவ்வளவும் தாண்டி ஒரு கோடி ரூபாய் இங்கே வந்து சேர்ந்தாலும், 15 சதவீத வரம்பில் ஒரே வருடத்தில் முழுவதையும் கட்ட முடியாது.

உங்கள் கடன் பத்திரத்தில் முன்கூட்டிக் கட்டும் (ப்ரீபேமென்ட்) வரம்பு 10, 15, 20 இதில் எது என்று பாருங்கள். அந்த வருடக் கணக்கு ஜனவரியில் தொடங்குகிறதா, கடன் வாங்கிய தேதியிலிருந்தா என்பதையும், ரினியூவல் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். மாதச் செலவுப் பட்டியலையும் அனுப்பினால் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.