மெய்நிகர் உலகில் நூலகமும் மேலாண்மை வகுப்பும்: கேள்வி பதில்

கணினிக்குள் கட்டிய முப்பரிமாண இடங்களில் நமக்குப் பதில் 'அவதார்' என்ற உருவம் நடமாடுமே, அந்த மெய்நிகர் உலகங்களில் நூலகங்களும் மேலாண்மைத் துறைகளும் சேர்ந்து வேலை செய்வது பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. நூலகத்துக்காக அங்கே இடம் கட்டியிருக்கிறேன், வணிக வகுப்பும் எடுத்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கல்லூரி நூலகர்): வீடியோ அழைப்பு இருக்கும்போது இது எதற்கு என்று நிர்வாகம் கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

ஒருவர் பேசி மற்றவர்கள் கேட்கிற கூட்டம் என்றால் நிர்வாகம் சொல்வதுதான் சரி, வீடியோ அழைப்பே போதும். நாற்பது பேர் ஐந்தாறு குழுவாகப் பிரிந்து, பாதியில் ஆள் மாறி, மறுபடி ஒன்றுகூடி ஒரு பொருளைச் சுற்றி நின்று வாதாடவேண்டும் என்றால்தான் மெய்நிகர் உலகம் தேவைப்படுகிறது. செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் நீங்கள் தட்டச்சு செய்வது 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அதையே 'கத்து' என்ற முறையில் அனுப்பினால் 100 மீட்டர் வரை போகும். அதனால் தனியாகப் பேசவேண்டியவர்கள் நடந்து தள்ளிப்போனாலே போதும், அறை ஒதுக்கித்தர ஒரு நிர்வாகி வேண்டியதில்லை. யார் யாரோடு நிற்கிறார்கள் என்பதும் எல்லோர் கண்ணிலும் படுகிறது, ஆசிரியருக்கு அது பெரிய உதவி.

கேள்வி: தலையில் மாட்டி முப்பரிமாணத்தில் பார்க்கிற ஹெட்செட்களில் எதை வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். கணினித் திரையில் ஓடும் உலகத்திலிருந்து தொடங்குங்கள். வகுப்பில் பாதிப் பேரிடம் இல்லாத கருவியை வைத்துப் பாடத்தைத் திட்டமிடக்கூடாது.

கேள்வி (மேலாண்மைப் பேராசிரியர்): விநியோகச் சங்கிலி பாடம் எடுக்கிறேன். உருப்படியான ஒரு பயிற்சி சொல்லமுடியுமா?

பீர் விநியோக விளையாட்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1960களில் உருவானது, உங்களுக்கே தெரிந்திருக்கும். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர், விளையாட்டின் ஒவ்வொரு 'வாரமும்' எவ்வளவு சரக்கு வேண்டும் என்று ஆர்டர் போடுவார்கள். ஆர்டர் சீட்டைத் தவிர ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளக்கூடாது என்பதுதான் விதி, மேசையில் விளையாடினால் முதலில் உடைவதும் அந்த விதிதான், ஒருவர் முகத்தைச் சுளித்தாலே அடுத்தவருக்கு விஷயம் தெரிந்துவிடும். செகண்ட் லைஃபிலோ, அதைப்போலவே இயங்குகிற, நாமே சர்வரில் வைத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன்சிமிலோ வழக்கமான ஒரு நிலப்பகுதி 256க்கு 256 மீட்டர். நான்கு பேரையும் நான்கு மூலைக்கு அனுப்பி, ஒவ்வொருவருக்கும் தனி மனை பிரித்து, குரலை அந்த மனைக்குள் அடைத்துவிடுங்கள். தனிச் செய்தி அனுப்புவதை மட்டும் உங்களால் தடுக்கமுடியாது, அதை முதலிலேயே சொல்லி வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே பலரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. சரக்குப் பெட்டிகளை விளையாட்டு நடக்கும்போதே கிடங்கில் அடுக்கிக் காட்டக்கூடாது. அவதார் சுவருக்குப் பின்னால் நின்றாலும் பார்வைக் கேமரா சுவரைத் தாண்டிப் போகும், மாணவர்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். இருப்பு எவ்வளவு என்பது அவரவர் திரையில் எண்ணாக மட்டும் தெரியட்டும். கடைசி வாரம் முடிந்ததும் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நேரத்தில் தோன்றச்செய்து, நான்கு பேரையும் மேலே பறந்துபோய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் தேவை ஒரே ஒரு முறைதான் 4 பெட்டியிலிருந்து 8 ஆனது, அதற்கப்புறம் மாறவே இல்லை. ஆனால் மேலே இருந்து பார்த்தால் ஆலைப் பக்கம் மலைபோல் சரக்கு நிற்கும். கடையில் தேவை கொஞ்சம் மாறினாலும் ஆலையை நோக்கிப் போகப்போக ஆர்டர் பெருத்துக்கொண்டே போவதைத்தான் சாட்டை விளைவு என்கிறோம். வரைபடத்தில் அதைப் பார்ப்பதும் தான் குவித்த மலையை அதே இடத்தில் நின்று பார்ப்பதும் ஒன்றல்ல. அதன்பிறகு நடக்கிற அரைமணி நேரப் பேச்சுதான் பாடம், அந்த நேரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எந்தத் தளம் நல்லது?

எதை எடுத்தாலும் கட்டத் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நான் கட்டியதை வெளியே எடுத்துக்கொண்டு போகமுடியுமா? கூகுள் லைவ்லி 2008 ஜூலையில் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் மூடியாயிற்று. மைக்ரோசாஃப்ட் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ் 2023 மார்ச்சில் மூடியது. மொஸில்லா ஹப்ஸ் 2024 மே மாதத்தோடு நின்றது, ஆனால் அதன் மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால் தாங்களே சர்வர் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மூடாத தளமும் விலையை மாற்றும். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த பாதி விலைச் சலுகையை 2010 அக்டோபரில் நிறுத்துவதாக அறிவித்தது, நிறைய நிறுவனங்கள் ஓப்பன்சிமுக்குப் போயின. 2013இல் சலுகை திரும்ப வந்தது, போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஓப்பன்சிமில் ஒரு பகுதி முழுவதையும் ஒரே காப்புக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். அதற்காகவே நான் அதைச் சொல்வேன்.

கேள்வி: மாணவர்களுக்கு ஹெட்செட் கட்டாயமா?

இல்லை. மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (பொது நூலகர்): எங்கள் கட்டடத்தை அப்படியே முப்பரிமாணத்தில் கட்ட நினைக்கிறோம், அலமாரிகள் உட்பட. எவ்வளவு நாள் ஆகும்?

அலமாரி கட்டவேண்டாம். தயவுசெய்து. 2006இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அலையன்ஸ் நூலக அமைப்பு செகண்ட் லைஃபில் இன்ஃபோ ஐலண்ட் என்ற நூலகத் தீவைத் தொடங்கியதிலிருந்து எத்தனையோ நூலகங்கள் இதைச் செய்து பார்த்துவிட்டன. அலமாரியில் இருக்கும் புத்தகம் வெறும் படம், சொடுக்கினால் இணைய உலாவி திறந்து நூலகத்தின் நூல் பட்டியலுக்குப் போகிறது. அதற்கு எதற்கு அலமாரி வரை நடக்கவேண்டும்?

அதே நூலகர்: நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். புதிதாக வருபவர் மிரண்டுபோய் நிற்கிறார். அலமாரியும் மேசையும் இருந்தால்தான் இது நூலகம், இங்கே கேள்வி கேட்கலாம் என்று தோன்றும்.

மேசை வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் மேசைக்குப் பின்னால் ஆள் வேண்டும். இன்ஃபோ ஐலண்டில் குறிப்புதவி மேசை உயிரோடு இருந்ததற்குக் காரணம் பல நாட்டு நூலகர்கள் முறைபோட்டுத் தன்னார்வமாக உட்கார்ந்தது. வந்த கேள்விகளில் ஏராளமானவை அந்த உலகத்தைப் பற்றியவையே, எப்படிப் பறப்பது, எங்கே போவது என்று. அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், வந்தவர் மிரளாமல் நின்றார். அலமாரியைப் பார்த்து யாரும் நிம்மதி அடைந்து நான் பார்த்ததில்லை.

வேறொருவர் (ஆவணக் காப்பாளர்): இடையில் வருகிறேன். அரிய சேகரிப்புகளுக்கு அலமாரியும் பெட்டியும் வெறும் அலங்காரம் இல்லை. எந்தக் கடிதம் எந்தப் பெட்டியில், எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதே ஆய்வாளருக்குச் சான்று.

இது நல்ல வாதம், ஏற்றுக்கொள்கிறேன். அங்கே அடுக்குமுறையே தகவல், அதை இடமாகக் காட்டுவதில் பொருள் இருக்கிறது. இரவல் எடுத்து வாசித்துத் திருப்புகிற பொதுத்தொகுப்புக்கு அது பொருந்தாது.

பொது நூலகர்: அப்படியென்றால் பொது நூலகம் அங்கே என்னதான் வைப்பது? வெறும் புல்வெளியா?

புத்தகத்தால் காட்டமுடியாததை வையுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் செகண்ட் லைஃபில் ஒரு இடம் கட்டியிருந்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களுக்குக் கேட்கிற குரல்களையும் தோன்றுகிற காட்சிகளையும் நடந்துபோகும்போதே அங்கே அனுபவிக்க முடிந்தது. ஒரு மருத்துவ நூலகர் வாசகர்களை அதுபோன்ற இடத்துக்குக் கூட்டிப்போய், வெளியே வந்ததும் வட்டமாக நிற்கவைத்துப் பேசி, அப்புறம் படிக்கவேண்டிய நூல்களின் பட்டியலைக் கையில் கொடுத்தால், அது நூலக வேலை. உங்கள் ஊழியர் நேரத்தை அலமாரியில் செலவழித்தால் இதற்கு ஆள் மிஞ்சமாட்டார்கள், எனக்கு உள்ள கோபம் அதில்தான்.

கேள்வி: பணம் மிச்சமாகும் என்கிறார்களே, உண்மையா?

எல்லோரும் காட்டும் உதாரணம் ஐபிஎம் 2008இல் செகண்ட் லைஃபில் நடத்திய தொழில்நுட்ப மாநாடு. சுமார் 80,000 டாலர் செலவு, மொத்தத்தில் 3,20,000 டாலர் மிச்சம் என்று கணக்கு. ஆனால் அதை விரிவாக வெளியிட்டது தளத்தை விற்கிற லிண்டன் லேப். மேலும் அதில் பெரும்பகுதி பயணமும் அரங்கமும் மிஞ்சியது, மீதி ஊழியர் நேரத்துக்குப் போட்ட மதிப்பு. அந்தப் பயணச் செலவு வீடியோ அழைப்பிலும் மிஞ்சும். நிர்வாகத்திடம் இதை வைத்து வாதாடாதீர்கள்.

கேள்வி: பிளாக்செயின் உலகத்தில் நிலம் வாங்கினால் விலை ஏறுமா?

என் துறை இல்லை. முதலீட்டு ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: எந்த ஹெட்செட்டில் தலைசுற்றல் குறைவு?

ஹெட்செட் கேள்விகளுக்கு இனிமேல் பதில் சொல்லப்போவதில்லை, இன்று வந்ததில் பாதி அதுவே.

கேள்வி: பார்வைக் குறைபாடு உள்ள மாணவர் ஒருவர் வகுப்பில் இருக்கிறார். அவரை எப்படிச் சேர்ப்பது?

ஹெட்செட்டுக்குப் பதில் இதை எல்லோரும் கேட்டிருக்கவேண்டும். செகண்ட் லைஃபுக்கும் ஓப்பன்சிமுக்கும் ராடெகாஸ்ட் என்ற இலகுவான மென்பொருள் இருக்கிறது, முப்பரிமாணக் காட்சி இல்லாமலே உரையாடலையும் அருகில் உள்ள ஆட்கள், பொருள்களையும் எழுத்துப் பட்டியலாகத் தரும், திரைவாசிப்பான் அதைப் படிக்கும். ஆனால் நீங்கள் பொருளுக்குப் பெயர் வைத்திருக்கவேண்டும். எல்லாப் பெட்டிக்கும் 'ஆப்ஜெக்ட்' என்ற இயல்பான பெயரையே விட்டுவைத்தால், அவர் காதில் அந்த ஒரே சொல் இருபது முறை விழும். குழுப்பேச்சில் ஒருவர் பலகையைக் காட்டி "இதைப் பாருங்கள்" என்றால், எதை என்று சொல்லவைப்பது ஆசிரியர் பொறுப்பு. காது கேளாதவர் இருந்தால் குரலை நிறுத்திவிட்டு அனைவரையும் தட்டச்சு செய்யவையுங்கள், அப்போது முழு உரையாடலும் பதிவாகவும் கிடைக்கும்.

கேள்வி: கட்டுவதற்கு வெளியாளை அமர்த்தியிருக்கிறோம். ஏதாவது கவனிக்கவேண்டுமா?

உடனே கவனியுங்கள். செகண்ட் லைஃபில் ஒரு பொருளை உருவாக்கியவர் யார் என்பது கட்டிய கணக்கின் பெயரில் பதிவாகும். வெளியே எடுக்கும்போது மென்பொருள் பார்ப்பது அந்தப் பெயரைத்தான், பணம் கொடுத்தது நீங்கள் என்பது கணக்கில் வராது. எனவே நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, அதற்குள் நுழைந்தே அவர் கட்டட்டும். அவர் தன் கணினியில் வைத்திருக்கும் மூல மாதிரிக் கோப்புகளையும் வாங்கி உங்கள் சர்வரில் வையுங்கள், இதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள், கடைசித் தவணையைக் கோப்புகள் வந்தபிறகு கொடுங்கள்.

பொது நூலகர்: சரி, அலமாரியை விட்டுவிடுகிறோம். ஆனால் மேசையில் நாள் முழுக்க உட்கார எங்களிடம் ஆள் இல்லையே.

நாள் முழுக்க வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், எப்போதும் அதே நேரம். மற்ற நேரத்தில் மேசையில் ஒரு அஞ்சல்பெட்டியும் அடுத்த அமர்வு எப்போது என்ற பலகையும் போதும். முதல் மாதம் அந்த அமர்வை ஒரு கல்லூரியின் மேலாண்மைத் துறையோடு சேர்ந்து வையுங்கள், அவர்கள் மாணவர்களுக்குச் சந்தை ஆய்வுத் தரவு எங்கே கிடைக்கும் என்பது எப்படியும் தெரியவேண்டும், உங்களுக்கும் வந்து நிற்கிற ஆட்கள் கிடைப்பார்கள். அந்த மாதம் யாருமே வரவில்லை என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள், இடத்தைப் பெரிதாக்காதீர்கள்.