வெள்ளிக் கழுத்துள்ள பழைய மதுக்குடுவை: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

விக்டோரியா காலத்து ‘கிளாரட் ஜக்’ (சிவப்பு ஒயின் பரிமாறும் கண்ணாடிக் குடுவை) ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது, அசல்தானா என்று எப்படி அறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடியின் அழகில் மயங்காமல் முதலில் வெள்ளியைப் பாருங்கள்.

இங்கிலாந்து வெள்ளி தன் ஜாதகத்தைச் சிறு முத்திரைகளாகத் தன் மேலேயே சுமந்திருக்கும். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. எந்த ஊரில் தரம் சோதித்தார்கள் என்பதற்கும் முத்திரை உண்டு: சிறுத்தைத் தலை லண்டன், நங்கூரம் பர்மிங்காம், கிரீடம் அக்காலத்து ஷெஃபீல்டு. ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். விக்டோரியாவின் தலை முத்திரையும் இருந்தால் 1890-க்குப் பிந்தியதல்ல. அது வெள்ளிக்கு வரி கட்டியதற்கான அடையாளம், அந்த வரி அந்த ஆண்டில் நீக்கப்பட்டது.

மூடியும் கழுத்தும் ஒரே முத்திரை வரிசையில் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் இரண்டு ஜக்குகளை ஒன்றாக்கியிருக்கலாம். கண்ணாடி உடைந்து புதிதாக மாற்றியிருந்தால் கழுத்துப் பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் பொருத்தம் இடறலாம். விரல் நுனியால் சுற்றித் தடவினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

‘இ.பி.என்.எஸ்.’ (EPNS) என்றிருந்தால் நிக்கல் கலவை உலோகத்தின் மேல் பூசிய வெறும் வெள்ளி முலாம். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்: விக்டோரியா காலத்து வடிவமைப்பாளர் கிறிஸ்டோபர் டிரெஸ்ஸர், ஹூக்கின் அண்ட் ஹீத் நிறுவனத்துக்கு வடிவமைத்த முலாம் ஜக்குகளுக்குச் சேகரிப்பாளர்களிடையே பெரும் போட்டி.

வாங்கிய பின் வெந்நீரில் மூழ்கடித்துக் கழுவ வேண்டாம். வெள்ளிப் பட்டையைப் பெரும்பாலும் பிளாஸ்டர் பூச்சுதான் பிடித்து வைத்திருக்கும், ஊறினால் ஆட்டம் கண்டுவிடும். பழைய படிகக் கண்ணாடியில் ஈயம் உண்டு. மதுவை நாள்கணக்கில் ஊற்றி வைக்காதீர்கள்.