பற்றுக்கம்பி திரும்பும் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பழைய கட்டுரைகளைப் படித்துத்தான் பேட்டர்ன் டிசைன் படிக்கலாம் என்று முடிவெடுத்தேன். ஆறு வருடமாகத் துணிக்கும் சுவர்த்தாளுக்கும் வரைகிறேன். ஆரம்பத்தில் பேருந்து ஜன்னல் வழியே எதைப் பார்த்தாலும் கை பரபரக்கும். இப்போது காலையில் வேலைக்கு உட்கார்ந்தால், போன சீசனில் நன்றாக விற்ற நான்கு பூ டிசைன்களை அனுப்பி, "இதே மாதிரி வேணும், ஆனா இதுவா இருக்கக் கூடாது" என்கிறார்கள். பூவை மாற்றுகிறேன், கலரை மாற்றுகிறேன், அனுப்பிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஏற்கெனவே யாரோ வரைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இன்ஸ்பிரேஷனுக்காக மணிக்கணக்கில் படங்கள் பார்க்கிறேன்; பார்த்து முடித்தால் இன்னும் சோர்வு. இத்தனை வருடம் கழித்தும் உங்களுக்கு இந்த வேலையில் சந்தோஷம் இருக்கிறதா? எங்கிருந்து வருகிறது? நான் வேறு வேலைக்குப் போய்விடலாமா?

ம.

அன்புள்ள ம.,

சந்தோஷம் இருக்கிறது. நேற்றுகூட இருந்தது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பூவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கலரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ரிப்பீட்டைப் பற்றி, அதாவது ஒரே டிசைன் துண்டு திரும்பத் திரும்ப வந்து நிரப்பும் விதத்தைப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான். ஓவியர்கள் நம்மைவிட நன்றாகவே பூ வரைவார்கள். அதே பூ தன் பக்கத்தில் தானே மறுபடி வந்து நிற்கும்போது மூட்டு தெரியாமல், கண் எங்கும் தட்டாமல் ஓடவேண்டுமே, அந்த இடம் நம்முடையது. என் சந்தோஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எனக்கும் இப்படி ஒரு வறண்ட காலம் வந்தது. திரைச்சீலைக்கு ஒரு கொடி டிசைன் செய்துகொண்டிருந்தேன். ரோட்டரி ஸ்கிரீனில், அதாவது சுழலும் உருளை கொண்டு அச்சாகப்போகிறது. அந்த உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ.; ரிப்பீட்டின் உயரம் 64, 32 என்று அதற்குள் மிச்சமில்லாமல் அடங்கவேண்டும். நான் 64-க்கு வரைந்து ஹாஃப் டிராப்பில், அதாவது பக்கத்து வரிசை பாதி உயரம் கீழே இறங்கி நிற்கும்படி, போட்டிருந்தேன். திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாம்பிள் துணி வந்ததும் சுவரில் மாட்டிவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றால், மேலிருந்து கீழாகச் சாய்வாக ஒரு வெள்ளைப் பாதை ஓடுகிறது. இலைகளுக்கு நடுவே விட்ட இடைவெளிகளெல்லாம் ஒன்றோடொன்று கைகோர்த்துக்கொண்டு விட்டன. வாடிக்கையாளர் அதைத் திருப்பி அனுப்பினார். மூன்று நாள் இலைகளை இங்கும் அங்கும் நகர்த்தினேன். இங்கே அடைத்தால் அங்கே பாதை திறக்கிறது.

நாலாவது நாள் எரிச்சலில் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கொடியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். டிசைன் எதுவும் மனதில் இல்லை. கொடி கம்பைப் பிடித்துக்கொள்ள நீட்டும் சுருள் இழை இருக்கிறதே, அந்தப் பற்றுக்கம்பி ஒன்றை மட்டும் வரைய ஆரம்பித்தேன். அதுவரை நான் வரைந்த பற்றுக்கம்பியெல்லாம் ஸ்பிரிங் மாதிரி ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். இதுவோ பாதி தூரம் வலப்பக்கமாகச் சுற்றுகிறது, நடுவில் கொஞ்சம் நேராக வருகிறது, அப்புறம் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. முதலில் நான்தான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். பக்கத்தில் கம்பைப் பிடித்திருந்த இன்னொன்றைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. காரணம் எளிமையானது. ஒரு முனை தண்டில், மறுமுனை கம்பில். இரண்டு முனையும் கட்டுப்பட்ட பிறகு ஒரே பக்கமாகச் சுருண்டால் கம்பி முறுக்கேறிவிடும். அதனால் நடுவில் ஒரு திருப்பம் வைத்து, இந்தப் பக்கம் போட்ட சுற்றை அந்தப் பக்கம் ஈடுகட்டுகிறது. டார்வின் 1865-ல் பற்றிப் படரும் கொடிகளைப் பற்றி எழுதியபோதே இதை விளக்கியிருக்கிறார். நான் அதைத் தெரிந்துகொண்டது வரைந்த பிறகுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் பொறி தட்டியது. என் ரிப்பீட்டுக்கும் இரண்டு முனையும் கட்டுப்பட்டதுதானே! இந்த விளிம்பில் வெளியே போகும் தண்டு அந்த விளிம்பில் உள்ளே வந்தாகவேண்டும். நானோ எல்லாத் தண்டையும் வலப்பக்கமாகவே சாய்த்து ஓடவிட்டிருந்தேன். நடுவில் ஒரு திருப்பம் வைத்து, பாதித் தண்டுகளை இடப்பக்கம் சாய்த்தேன். வெள்ளைப் பாதை போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

எல்லாம் வரைந்தாகிவிட்டது என்கிறீர்கள். ஒருவகையில் அது உண்மைதான். ஒரு சமதளத்தை இரு திசையிலும் ரிப்பீட்டால் நிரப்ப, சமச்சீர் கணக்கில் மொத்தம் 17 வகைதான் உண்டு. ரஷ்ய அறிஞர் ஃபெடரோவ் 1891-லேயே நிரூபித்துவிட்டார். பதினெட்டாவது இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. எனக்கு இது பெரிய ஆறுதல். புதிதாக விதி கண்டுபிடிக்கும் பாரம் நம் தலையில் இல்லை, கண்ணெதிரே இருப்பதைக் கவனித்தால் போதும். இங்கிலாந்தின் டிசைனர் வில்லியம் மோரிஸின் வீட்டுத் தோட்டத்தில் பூங்குருவிகள் ஸ்ட்ராபெரியைத் திருடித் தின்றன. அவர் அதையே வரைந்தார். 1883-ல் வந்த அந்த டிசைன் இன்றும் விற்கிறது. பின்லாந்தின் துணி டிசைனர் மாயா இசோலாவிடம், பூ டிசைனே வேண்டாம் என்று அவர் வேலை செய்த மாரிமெக்கோ நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள். அவர் 1964-ல் பெரிய பெரிய பாப்பிப் பூக்களாக வரைந்து வைத்தார். இன்றைக்கும் அந்த நிறுவனத்தைத் தெரிந்தவர்கள் அந்தப் பூவை வைத்துத்தான் அடையாளம் சொல்கிறார்கள்.

மணிக்கணக்கில் படம் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். அவையெல்லாம் இன்னொருவர் பார்த்து, எடுத்து, விட்டதுபோக மிஞ்சியவை. அவர் விட்டது எதுவும் உங்களுக்குத் தெரியாது. பற்றுக்கம்பியின் திருப்பத்தை நான் எந்தப் படத்திலும் கவனித்ததில்லை. ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் அரைமணி நேரம், அதே செடி. மூன்றாவது நாள் சலிப்பாக இருக்கும், அந்த நாளை விட்டுவிடாதீர்கள்.

"இதே மாதிரி" என்று கேட்பவர்களுக்குப் பூவைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பூவை மட்டும்தான் பார்க்கிறார்கள். பூவுக்கும் பூவுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம், தண்டு சாயும் பக்கம், மூட்டு ஒளியும் இடம் எதையும் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையே. அந்த இடம் முழுக்க உங்களுடையது.

வேலையை விடுவதா என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லமாட்டேன். களைத்த மனதோடு எடுக்கிற முடிவு அது இல்லை. அந்த ஒரு வாரம் முடிந்ததும், வரைந்ததில் ஒன்றை ரிப்பீட்டாக்கி, நான்கு பிரிண்ட் எடுத்துச் சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பாதை தெரிந்தால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து அடைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா