எட்டு நாள் பயணத்தில் மூன்று மணி நேர விருந்து தேவையா?

கேள்வி: எங்கள் மகன் பிரான்ஸில், லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. நானும் கணவரும் எட்டு நாள் போய்வரலாம் என்றிருக்கிறோம். ஒருநாளாவது நல்ல பிரெஞ்சு உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். சாப்பிட்டு எழுந்திருக்க மூன்று மணி நேரம் ஆகுமாம். நான் மீன், கோழி மட்டும் சாப்பிடுவேன். கணவர் சுத்த சைவம். அந்த நேரத்தில் வீட்டில் நானே அவனுக்குச் சமைத்துப் போடலாமே? பாரிஸும் பார்த்தாக வேண்டும் என்கிறார் கணவர்.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்த விருந்துக்குக் கட்டாயம் போங்கள். நேரம் போதவில்லை என்றால் பாரிஸைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகமான டிஜிவி ரயிலிலேயே ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். போய்த் திரும்பினால் ஒரு முழு நாள் போய்விடும். பாரிஸில் இறங்குவதாக இருந்தால் சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தே லியோனுக்கு நேரடி ரயில் உண்டு. திரும்பும் விமானமும் பாரிஸிலிருந்துதான் என்றால், கடைசி நாளை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சமைத்துப் போடுவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் ரசமும் பொரியலும் வைத்துக் கொடுங்கள், பிள்ளை ஏங்கிப்போயிருப்பான். ஆனால் வீட்டில் சாப்பாடு எப்படி நடக்கும்? தோசை ஒவ்வொன்றாகப் போகும், நீங்கள் அடுப்படியில் நிற்பீர்கள், அவன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவீர்கள். உணவகத்தில் நீங்கள் எழுந்து பரிமாற வேண்டியதில்லை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் பேசுவதற்குத்தான் நேரம் இருக்கும். போனில் கேட்க முடியாத எத்தனையோ விஷயங்களை அப்போது கேட்கலாம். அவனுக்கும் தன் சம்பாத்தியத்தில் அப்பா அம்மாவுக்கு விருந்து வைக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதைத் தட்டாதீர்கள்.

ஊரும் சாதாரண ஊர் இல்லை. பணக்கார வீடுகளில் சமையல் செய்துவந்த பெண்கள் பலர் வெளியே வந்து சொந்தமாக உணவகம் திறந்ததால் பேர்பெற்ற ஊர் லியோன். அவர்களை அங்கே 'மேர்', அதாவது அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவர்களில் ஒருவர் யூஜெனி பிராஸியே. 1921-இல் உணவகம் தொடங்கி, 1933-இல் தன் இரண்டு உணவகங்களுக்கும் மூன்று மூன்று மிஷ்லின் நட்சத்திரங்கள், அதாவது சிறந்த உணவகங்களுக்கு மிஷ்லின் கையேடு தரும் உயர்ந்த மதிப்பு, வாங்கியவர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற சமையல் கலைஞர் பால் போகூஸ் இளம் வயதில் அவரிடம் வேலை பார்த்தவர்தான்.

மிஷ்லின் நட்சத்திரம் இருக்கும் இடமாகத் தேட வேண்டாம். 'பூஷோன்' என்று சொல்லும் சிறிய உள்ளூர் உணவகம் போதும். இரவைவிட மதியம் நல்லது. வேலை நாட்களில் மதியத்துக்கென்று குறைந்த விலையில் இரண்டு, மூன்று தட்டுகள் சேர்ந்த சாப்பாடு வைப்பார்கள். மகன் ஒருநாள் லீவு போட முடியுமா என்று கேளுங்கள். பல உணவகங்களுக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை, ஆகஸ்ட்டில் சில வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். மதியம் 12 மணியிலிருந்து 2 மணி வரைதான் அடுப்பு எரியும். நம் ஊர்போல மூன்று மணிக்குப் போய்ச் சாப்பாடு கேட்க முடியாது. முன்பதிவு செய்துவிட்டு 12:15-க்குப் போய் உட்காருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 'கெனெல்'. ஆற்றுமீனை அரைத்து, மாவும் முட்டையும் வெண்ணெயும் சேர்த்து உருட்டி வேகவைத்து, சாஸ் ஊற்றி ஓவனில் வைப்பார்கள். மேலே பொன்னிறமாகி, புஸ்ஸென்று உப்பி மேசைக்கு வரும். முள் இருக்காது. சாஸ் பெரும்பாலும் நன்னீர் இறாலில் செய்தது. கிரீம் ஊற்றிய கோழியும் கிடைக்கும். லியோன் சாலட் என்று வருவதில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். பூஷோன்கள் இறைச்சிக்குப் பேர்போனவை. மீனும் ஆகாது, இறைச்சி வேகவைத்த தண்ணீரும் ஆகாது என்று முன்பதிவின்போதே மகன் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெங்காய சூப் சைவமாகத்தான் தெரியும், அதில் மாட்டு எலும்புச் சாறு இருக்க வாய்ப்பு அதிகம். பாலும் கிரீமும் ஊற்றி அடுக்கடுக்காக வேகவைத்த உருளைக்கிழங்கு, பூண்டும் பச்சை மூலிகையும் கலந்த புதுப் பாலாடைக்கட்டி, கடைசியில் சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாமில் செய்த 'பிராலின்' தார்த் என்ற இனிப்புப் பண்டம் இவையெல்லாம் அவருக்குப் பிடிக்கும். தார்த்தில் முட்டை சேர்ந்திருக்கும். அதுவும் ஆகாது என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்', அதாவது வணக்கம், சொல்லுங்கள், அங்கே அது முக்கியம். ஜாடித் தண்ணீருக்கும் ரொட்டிக்கும் காசு கிடையாது. ஒயின் வேண்டாம் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். நீங்கள் கேட்டால்தான் பில் வரும், ஆகவே யாரும் கவனிக்கவில்லையே என்று பதறாதீர்கள்.

அப்புறம் பெட்டி. நெய், பால்கோவா, தயிர், இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. சான்றிதழ் இல்லாத கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் அதே கதிதான். பருப்புப் பொடி, புளி, காபித் தூள் எடுத்துப் போங்கள்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். மகன் வீட்டில் தங்குவதால், அவன் தன் பகுதி நகராட்சியில், அங்கே 'மேரி' என்பார்கள், விருந்தினர் சான்று வாங்கி அதன் அசலை உங்களுக்கு அனுப்ப வேண்டும். அது கைக்கு வரச் சில வாரம் பிடிக்கலாம். டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் இன்றைக்கே அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.