நல்லா ஷூட் பண்ற பெண் ஏன் பெஞ்சில் உட்காருகிறாள்?

கேள்வி: என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரி கூடைப்பந்து டீமில் இருக்கிறாள். தூரத்தில் இருந்து த்ரீ பாயிண்ட் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கூட ஆடும் பிள்ளைகளே சொல்கிறார்கள். ஆனால் மேட்சில் கடைசி ஐந்து நிமிஷம்தான் இறக்குகிறார்கள். இதற்கு நடுவில் ஒரு கோச், ‘இருபதாயிரம் கொடுங்க, யுனிவர்சிட்டி டீமில் சேர்த்து சர்டிஃபிகேட் வாங்கித் தர்றேன், கவர்ன்மெண்ட் வேலை நிச்சயம்’ என்கிறார். கொடுக்கலாமா?
– ராயபுரத்தில் இருந்து ஒரு தந்தை

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் பெஞ்ச்.

ஒரு மேட்ச் நாலு குவார்ட்டர், மொத்தம் 40 நிமிஷம். ஒரே நேரத்தில் ஆடுவது 5 பேர். ஆக டீமுக்குக் கிடைப்பது மொத்தம் 200 நிமிஷம், அதை 12 பிள்ளைகள் பங்கு போட வேண்டும். உங்கள் மகளுக்கு 10 நிமிஷம் கூட்டினால் இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு 10 நிமிஷம் குறையும். பி.டி. மேடத்தின் கையில் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ‘நல்லா போடுறா’ என்பது காரணம் ஆகாது.

கணக்கு என்னவோ உங்கள் மகள் பக்கம்தான். த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் மூணு புள்ளி, உள்ளே இருந்து போட்டால் ரெண்டு. வெளியே இருந்து 10 எறிந்து 4 விழுந்தால் 12 புள்ளி. அதே 12-ஐ உள்ளே நின்று எடுக்க 10-க்கு 6 போடவேண்டும். ஆனால் அவள் எறிவது எந்தக் கோட்டுக்கு வெளியே? சர்வதேச விதியில் அந்தக் கோடு 2010-ல் 6.25 மீட்டரில் இருந்து 6.75-க்குப் போய்விட்டது. பழைய சிமெண்ட் கோர்ட்டுகளில் பழைய கோட்டின் மேலேயே பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். ரிங்கின் நடுவில் இருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் புள்ளியில் டேப்பைப் பிடித்து, நேர் எதிரே கோட்டின் வெளி ஓரம்வரை அளக்கச் சொல்லுங்கள். அரை மீட்டர் குறைந்தால், அவள் அங்கே த்ரீ என்று போட்டதில் பல, சரியான கோடு உள்ள மேட்சில் ரெண்டு புள்ளிதான்.

அடுத்தது ஸ்கோர் ஷீட். த்ரீ விழுந்தால் ஆடியவரின் நம்பரைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். தவறினால் அதில் ஒன்றும் எழுதமாட்டார்கள். ஆகவே எத்தனைக்கு எத்தனை என்பதற்கு யாரிடமும் எழுத்து கிடையாது, மேடத்தின் ஞாபகம்தான். தவறியதுதான் ஞாபகத்தில் நிற்கும். பெஞ்சில் இருக்கும் ஒரு தோழியை நோட்டு போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் எறிந்தது, விழுந்தது. எதிர்ப் பக்கம், உங்கள் மகள் காவல் காத்த பெண் எடுத்த புள்ளி. ரெண்டு த்ரீ போட்டு, அந்தப் பெண்ணுக்கு மூணு லே-அப் (ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து போடும் ரெண்டு புள்ளி) விட்டால் 6-க்கு 6, லாபம் சைபர். ஷூட்டர்கள் பெஞ்சுக்குப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கை நன்றாக இருக்கும், கால் அசையாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எதிர் டீம் ‘ஸோன்’ போட்டால், அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காத்து ரிங்குக்குக் கீழே கும்பலாக நின்றால், தடுப்பாட்டம் (டிஃபென்ஸ்) சுமாரான ஷூட்டரையும் இறக்கியே ஆகவேண்டும். கல்லூரி மேட்சில் ஸோன் சகஜம், ஓடி ஓடி ஆளைக் காக்க மூச்சு பத்தாது. உங்கள் மகள் மூலையில் போய் நின்றாலே ஒருத்தி அவளை நோக்கி வெளியே வரவேண்டும், உள்ளே வழி திறக்கும். அவள் பந்தையே தொடாவிட்டாலும் லாபம். நம் டீமும் ஸோன் போட்டால் அவளுடைய ஓட்டையைப் பக்கத்தில் நிற்பவர்கள் அடைத்துவிடுவார்கள். எதிராளி ஸோனை விட்டு ஆளுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தால் வெளியே எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்ற விதி இடம் கொடுக்கிறது. ஏன் மாற்றுவதில்லை? நம்ம ஊர் கல்லூரிப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். காலையில் தோற்றால் மத்தியானம் வீட்டில். எந்த பி.டி. துணிந்து புதுசாக ஒன்றைச் செய்து பார்ப்பார்? அதுவும் கபடி, வாலிபால், அத்லெடிக்ஸ், ஆண்டு விழா அணிவகுப்பு எல்லாம் அதே ஒரு ஆள் தலையில். ஸ்போர்ட்ஸ் ஃபீஸ் மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வாங்குகிறார்கள்.

இப்போது இருபதாயிரம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டுதான் இவர்கள் பிழைக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் இருந்து திருவொற்றியூர் வரை, கிரவுண்டு ஓரம் விசிலோடு நிற்கிறவர் எல்லாம் கோச். இவர்கள் தருவது ஏதோ கிளப் டோர்னமெண்டில் ‘கலந்துகொண்டார்’ என்ற வண்ணக் காகிதம். மத்திய அரசு வேலைக்குக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்பது படிவம் 3. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு, அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு டீனோ இயக்குநரோ கையெழுத்துப் போட்டுத் தருவது. வெளியாள் யாரும் அதைத் தர முடியாது. ‘தருகிறேன்’ என்றால் ஒன்று பொய், இல்லை போலி. போலிக் காகிதம் சரிபார்ப்பில் பிடிபட்டால் கேஸ் அவர் மேல் மட்டும் இல்லை, உங்கள் மகள் மேலும் விழும். சரி, காகிதம் அசலாகவே இருக்கட்டும். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் டிரயல் வைத்து, கோர்ட்டில் ஆடவிட்டுத்தான் மார்க் போடுகிறார்கள்.

‘பணம் இப்ப வேண்டாம், செலக்‌ஷன் ஆனதும் கொடுங்க’ என்று ஒரு புது ரகமும் கிளம்பியிருக்கிறது. பத்துப் பேரிடம் அப்படிச் சொல்லி வைப்பார்கள். ஒருத்தி தன் திறமையால் தேர்வானாலும் ‘நான்தான் பேசினேன்’ என்று வசூலுக்கு வந்து நிற்பார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் ‘சும்மா பார்த்துட்டுத் தர்றேன்’ என்று யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, மேடத்திடம் நீங்கள் போய் நிற்க வேண்டாம். அப்பா வந்தால் சிபாரிசு என்று நினைப்பார்கள். மகள் போகட்டும். மேட்ச் முடிந்த சூட்டில் வேண்டாம், சாதாரண பிராக்டிஸ் நாளில், நோட்டோடு. ‘மேடம், எதைச் சரி பண்ணினா என்னை ரெண்டாவது குவார்ட்டர்ல இறக்குவீங்க?’ என்று மட்டும் கேட்கட்டும். பதில் ‘டிஃபென்ஸ்’ என்றே வரும். வந்தால், பிராக்டிஸில் டீமிலேயே வேகமான பெண்ணைத் தனக்கு எதிராக நிறுத்தச் சொல்லி அவளே கேட்டு வாங்கட்டும்.