அடுப்படி கேள்வி–பதில்: உலர் பழத்தில் ஜாம்

கேள்வி: 250 கிராம் உலர் ஆப்ரிகாட்டை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, சம எடை சர்க்கரை சேர்த்துக் கிளறினேன். ஆறியதும் ஜாம் கட்டியாக இறுகிவிட்டது. பழத்தின் தோல் மட்டும் தனியாக ரப்பர் மாதிரி பல்லில் இழுக்கிறது. மாம்பழ ஜாமுக்குப் போடும் அளவு இதற்கு ஒத்துவராதா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒத்துவராது. சம எடை என்பது புதுப் பழத்துக்கான கணக்கு. 250 கிராம் உலர் ஆப்ரிகாட் முழுதாக ஊறினால் 500, 600 கிராம் வரை வரும். அந்த எடைக்குத்தான் சர்க்கரை அளக்க வேண்டும்.

தோல் இறுகியதற்குக் காரணம் ஊறல் போதாததுதான். பழம் வெந்து மெத்தென்று ஆகும் முன் சர்க்கரை விழுந்தால், அது பழத்துக்குள் போக வேண்டிய தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் தோல் மிருதுவாகாது.

சரியான அளவு இது: உலர் ஆப்ரிகாட் 250 கிராம், தண்ணீர் 800 மில்லி, சர்க்கரை 500 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி (30 மில்லி).

பழத்தை வெதுவெதுப்பான நீரில் அலசி, நாலாக நறுக்கி, அளந்த தண்ணீரில் ஓர் இரவு, அதாவது 10 முதல் 12 மணி நேரம், மூடி வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஜாமை உறையவைக்கும் பெக்டினும் புளிப்பும் அதில் இறங்கியிருக்கும். அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் அந்தத் தண்ணீரோடு பழத்தை ஏற்றி, மிதமான தீயில் 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளிப்பு பட்டால் உலோகம் இறங்கும். ஒரு துண்டை விரலால் நசுக்கினால் தோலும் சேர்ந்து மசிய வேண்டும். அதுவரை சர்க்கரை டப்பாவைத் திறக்காதீர்கள். வெந்ததும் மத்தால் மசித்தால் போதும். மிக்ஸியில் ஓடவிட்டால் காற்றுக் குமிழ் புகுந்து நிறம் வெளுத்துவிடும்.

இப்போது தீயைக் குறைத்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, கடைசிக் குருணை கரையும்வரை கிளறுங்கள். கரைந்த பிறகு தீயைக் கூட்ட வேண்டும். பலரும் இங்கேதான் பயந்து சிறு தீயில் ஒரு மணி நேரம் வைத்துவிடுகிறார்கள். புளிப்போடு நெடுநேரம் வெந்தால் பெக்டின் உடைந்துபோகும். ஜாம் கறுக்கும், ஆனால் உறையாது. நன்றாகத் தளதளவென்று கொதித்தால் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடத்தில் பதம் வந்துவிடும். தெறிக்கும், நீளக் காம்புள்ள மரக்கரண்டியே நல்லது.

பதம் பார்க்கக் கண்ணை நம்புவதைவிடத் தராசை நம்பலாம். வெறும் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவுக்கு, பாத்திரத்தின் எடை போக ஜாம் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ இருக்கும்போது இறக்க வேண்டும். தராசின் மேல் ஒரு மரப்பலகையை வைத்து, அதன் எடையைக் கழித்துவிட்டுச் சூடான பாத்திரத்தை வையுங்கள். தராசு இல்லையென்றால் ஒரு எவர்சில்வர் தட்டை ஃபிரீசரில் குளிரவைத்து, அதில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம். அந்த ஒரு நிமிடம் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் சோதனை முடிவதற்குள் பதம் தாண்டிவிடும்.

கேள்வி: கடையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டும், கொட்டையோடு கூடிய பழுப்பு நிறக் குபானியும் (இதுவும் உலர் ஆப்ரிகாட்தான்) கிடைக்கின்றன. எது நல்லது?
— வாசகர், சென்னை

பதில்: ஆரஞ்சு நிறம் கந்தக டை ஆக்சைடு காட்டிக் காயவைத்ததால் நிற்பது. பாக்கெட்டில் அதைக் குறிக்கும் 220 என்ற எண் இருக்கும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும்போது அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். ஆனாலும் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் பழுப்புப் பழத்தையே வாங்குங்கள். ஜாம் தேன் நிறத்தைத் தாண்டிக் கறுப்பாக வரும், சுவையில் குறையில்லை. எங்களுக்குப் பழுப்புப் பழத்தின் ஜாம்தான் பிடிக்கும். வாசனை ஆழமாக இருக்கும்.

குபானியில் கொட்டையின் எடையும் சேர்ந்திருப்பதால், ஊறவைத்துக் கொட்டை நீக்கிய பிறகு சதையை நிறுத்து, அதே எடைக்குச் சர்க்கரை போடுங்கள். கொட்டையை உடைத்துப் பருப்பைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. கசக்கும் பருப்பை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள அமிக்டலின் உடம்புக்குள் போனால் சயனைடை வெளிவிடும்.

கேள்வி: அத்திப்பழ ஜாம் செய்த இரண்டு வாரத்தில் சர்க்கரை மணல் மாதிரி பூத்துவிட்டது. ஏன்?
— வாசகி, மதுரை

பதில்: எலுமிச்சை போதவில்லை. அத்தியில் புளிப்பு மிகக் குறைவு. புளிப்பும் சூடும் சேர்ந்தால்தான் சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். அந்தக் கலவை படிகமாவதைத் தடுக்கும். புளிப்பில்லாத பாகு ஆறியதும் பழையபடி சர்க்கரையாகிவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் கரையாமல் ஒட்டிய நாலு குருணை விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதும் பூக்கும். அதனால் ஓரங்களை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

உலர் அத்தி 250 கிராமுக்குத் தண்ணீர் 600 மில்லி, சர்க்கரை 300 கிராம், எலுமிச்சைச் சாறு 3 மேசைக்கரண்டி. காம்பு நுனியை நறுக்கி எறியுங்கள், அது வேகவே வேகாது. முடிவு எடை 700 கிராம். இப்போது பூத்துப்போனதை 50 மில்லி தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் விட்டுச் சூடாக்கி, முழுதும் கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம்.

கேள்வி: கறுப்பு உலர் திராட்சையில் செய்தால் பாகாகவே நிற்கிறது.
— வாசகர், தேனி

பதில்: அதில் உறையவைக்கும் அளவுக்குப் பெக்டின் இல்லை. கொய்யாவிடம் கடன் வாங்குங்கள். பழுக்கத் தொடங்கிய கொய்யா 200 கிராமை நறுக்கி, 400 மில்லி தண்ணீரில் 25 நிமிடம் கொதிக்கவிட்டு, பிழியாமல் வடிகட்டுங்கள். பிழிந்தால் கலங்கும். உலர் திராட்சை 250 கிராமை வெந்நீரில் நன்றாகக் கழுவி (ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள்), 300 மில்லி தண்ணீரில் 3 மணி நேரம் ஊறவைத்து வேகவிட்டு, கொய்யாத் தண்ணீர், சர்க்கரை 200 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். 650 கிராமுக்கு வந்ததும் இறக்குங்கள்.

கேள்வி: சர்க்கரையே போடாமல் பேரீச்சையில் செய்தால் நீரிழிவுக்காரர் சாப்பிடலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: பேரீச்சையின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். சர்க்கரை இல்லாத ஜாம் என்று எண்ணி அளவில்லாமல் சாப்பிடக்கூடாது. கொட்டை நீக்கிய பழம் 250 கிராம், தண்ணீர் 250 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. 15 நிமிடம் வேகவைத்து மசித்தால் ரொட்டியில் தடவும் விழுது கிடைக்கும். குளிர்பெட்டியில் இரண்டு வாரம். வெளியே வைத்தால் புளித்துப் பொங்கும்.

கேள்வி: ஜாமின் மேல் வெள்ளைப் பூசணம். வழித்தெடுத்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இழை கீழே இறங்கியிருக்கும், முழுதையும் எறிந்துவிடுங்கள். ஜாம் வெதுவெதுப்பாக இருக்கும்போது மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். மூடியில் படியும் நீராவி சொட்டி, மேல்பரப்பில் மட்டும் சர்க்கரை நீர்த்துப்போகும். பூசணத்துக்கு அந்த மெல்லிய படலம் போதும். கண்ணாடிப் பாட்டிலை 10 நிமிடம் கொதிநீரில் வைத்து, கவிழ்த்து முழுதாகக் காயவிடுங்கள். பாட்டிலின் சூடு ஆறும் முன், இறக்கிய ஜாமை 85 டிகிரிக்குக் குறையாமல் ஊற்றி, மேலே கால் அங்குலம் விட்டு உடனே இறுக மூடுங்கள். திறந்த பாட்டில் குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும், கரண்டியில் ஈரம் கூடாது.

கேள்வி: வெப்பமானியில் 105 டிகிரி வரும்வரை காய்ச்சினேன், கல்லாகிவிட்டது.
— வாசகர், ஊட்டி

பதில்: 105 கடல்மட்டத்துக் கணக்கு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். ஜாம் செய்யும் நாளில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அதோடு நாலரை டிகிரி கூட்டினால் வருவதுதான் உங்கள் பதம், சுமார் 97.